நுரை விமானத்தின் முதற் பரீட்சை

1878-ஆம் வருஷத்தில் மில்டன் ரைட் என்னும் அமெரிக்கப் பாதிரியார் வெளியூர்ப் பிரயாணம் முடிந்து வீடு திரும்புகையில் ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் இவற்றால் ஆனது. ரப்பர் நாடாவை முறுக்கி விட்டால் தானே சுழன்று மேலே ஏறக்கூடியது. பிரான்ஸ் தேசத்து அல்போன்ஸ் பெனோ என்பவர் வகுத்த மாதிரியைத் தழுவியது. அதைக் கண்ட இளைய புதல்வர் இருவரில் மூத்தவனுக்கு வயது 11, இளையவனுக்கு 7. சிறுவர்கள் பார்த்து மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அதைப் போலவே தாங்களும் செய்து பார்த்தார்கள். சிறிதாகச் செய்தபோது நன்றாகப் பறந்தது. பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தது. இருபத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு, 1903-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, மனிதனை ஏற்றிக்கொண்டு தன் சொந்தப் பலத்தால் பறந்த விமானத்தைச் செலுத்தியவர்கள் அந்த வில்பர், ஆர்வில் சகோதரர்களே.

விளையாட்டுச் சாமான் என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் பொருளுக்குள் எவ்வளவு பெரிய கேள்வி ஒளிந்திருக்கக் கூடும் என்பதற்கு இந்தச் சரித்திரம் போதும். இன்றைய வீடுகளில் அந்த இடத்திற்கு வந்திருப்பது ரேடியோ அலையால் இயங்கும் நுரை விமானம். பரீட்சையில் தேறியதற்காகவோ பிறந்த நாளுக்காகவோ, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து இதை வாங்கித் தருகிறார்கள். பெட்டியைப் பிரித்த அன்று மாலையே பையன் மைதானத்துக்கு ஓடுகிறான். வீட்டார் அனைவரும் பின்தொடர்கிறார்கள். விமானம் கையை விட்டுக் கிளம்பி, அண்ணாந்து, ஒரு க்ஷணம் தயங்கி, மூக்குக் குப்புற விழுகிறது. பிறகு அதற்குப் பரண்தான் கதி. "காசைக் கரியாக்கினோம்" என்று தகப்பனார் வருந்துகிறார். காசு போனால் சம்பாதித்துக் கொள்ளலாம். "நமக்கு இதெல்லாம் வராது" என்று பையன் மனத்தில் பதிந்து விடுகிறதே, அந்த நஷ்டத்தை ஈடு செய்வது அவ்வளவு எளிதன்று.

இத்தனைக்கும் அந்த விமானத்தில் பெரும்பாலும் குறையொன்றும் இருப்பதில்லை. பரீட்சை செய்யாமல் பறக்கவிட்டதே குறை. எப்படிப் பரீட்சிப்பது, பரீட்சித்த பின் எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது என்பதையே இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன்.

விமானம் எப்படிப்பட்டது?

தர்மோகோலை அறியாத வீடு இல்லை. கொலுவுக்கும் கல்யாண மேடைக்கும் அலங்காரம் செய்ய உதவும் அந்த வெள்ளைப் பலகையின் நெருங்கிய உறவினமே இவ்விமானங்களின் உடல். ஆனால் தர்மோகோல் பொருக்கென்று முறியும். பயிற்சி விமானங்களுக்கு உபயோகப்படும் ஈ.பி.பி., ஈ.பி.ஓ. என்ற நுரைகளோ அடி பட்டால் வளைந்து கொடுத்து மீளும். விழுவதும் எழுவதுமே கற்றுக்கொள்ளும் முறை ஆகையால் இந்தக் குணம் பெரிய அனுகூலம்.

உள்ளே இருப்பவை ஐந்து: ஒரு சிறு மின்சார மோட்டார், அதன் வேகத்தை அடக்கும் கருவி, ஒரு லித்தியம் பாட்டரி, ரேடியோ அலையை வாங்கும் ரிஸீவர், வால் தகடுகளை அசைக்கும் சர்வோ என்னும் சிறு யந்திரங்கள். தரையில் நிற்பவர் கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். வாலில் கிடையாக உள்ள மடிப்புக்கு எலிவேட்டர் என்று பெயர். அது மூக்கை ஏற்றவும் இறக்கவும் செய்யும். செங்குத்தாக உள்ள மடிப்பு, படகிலே இருப்பதைப் போன்ற சுக்கான்.

ஆரம்ப விமானங்களில் இறக்கைகள் இரண்டும், மனிதன் கைகளைச் சற்றே உயர்த்தி விரித்தாற்போல் அமைந்திருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கினால், தாழ்ந்த இறக்கை அதிகத் தாங்கு சக்தி பெற்றுத் தானே நிமிரும். இந்த உபாயத்தையும், வாலைச் சிறிது கோணம் குறைத்து வைத்து மூக்கின் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிப்படுத்திக் கொள்ளும் உபாயத்தையும் 1871-ஆம் வருஷத்திலேயே மேற்சொன்ன பெனோ கையாண்டு காட்டினார். பாரிஸ் நகரத்துத் துயிலரி பூங்காவில் அவருடைய ரப்பர் முறுக்கு விமானம் 11 விநாடியில் ஏறக்குறைய 40 மீட்டர் தூரம் தன்னைத் தானே சமாளித்துக்கொண்டு பறந்தது. அப்போது அவருக்கு வயது 21. ரேடியோவால் விமானத்தை ஆட்டிவைக்கும் வித்தை வெகு பின்னால் வந்தது. 1937-ல் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் பறக்கவிட்ட 'கஃப்' என்னும் விமானம் அவ்வகையில் முன்னோடிகளில் ஒன்று. அது இன்று ஸ்மித்ஸோனியன் காட்சிச் சாலையில் இருக்கிறது.

ஜெர்மனியில் மல்டிபிளெக்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'ஈஸி ஸ்டார்' இக்காலத்துப் பயிற்சி விமானங்களுக்கு நல்ல உதாரணம். அதன் மோட்டார் மூக்கில் இல்லை. இறக்கைக்கு மேலே, பின்னோக்கித் திரும்பி இருக்கிறது. எனவே விமானம் மூக்கால் மோதினாலும் விசிறி உடைவதில்லை. முதலில் வந்த ஈஸி ஸ்டாரில் இறக்கை மடிப்புகளே கிடையா. சுக்கான், எலிவேட்டர், மோட்டார் ஆகிய மூன்றையே கற்க வேண்டும். ஆரம்பக்காரனுக்கு அவ்வளவு போதும்.

மோட்டாரின் மேல் பழி

விமானம் விழுந்தவுடன் பிள்ளைகள் சொல்லும் முதல் காரணம் ஒன்றுண்டு. என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் இரண்டு முறை விழுந்து ஒட்டுப்போட்ட விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மோட்டாருக்குப் பலம் போதவில்லை, ஸார். இன்னும் பெரிய மோட்டார் போட்டால் சரியாகி விடும்."

"மோட்டாரை ஓட்டாமல், கையால் எறிந்து பார்த்தாயா, தம்பி?"

"இல்லை, ஸார். மோட்டார் இல்லாமல் அது எப்படிப் பறக்கும்?"

இறக்கையின் அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். விமானம் சமமாக நின்ற இடம் இறக்கை அகலத்தில் ஏறக்குறைய நடுப்பாதியாக இருந்தது. பாட்டரியை மூக்குப் பக்கம் நகர்த்தி வைத்து, அதே புள்ளியை முன்னுக்குக் கொண்டு வந்தோம். பிறகு பள்ளிக்கூட மைதானத்தில், மோட்டார் இல்லாமலே, அவன் தோளுயரத்திலிருந்து எறிந்த விமானம் பதினைந்து தப்படி தூரம் மிதந்து சென்று புல்லில் இறங்கியது. அவன் அதை எடுக்க ஓடவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய மோட்டாரைப் பற்றி அதன் பின் அவன் பேசவில்லை.

எடையின் மையம்

இதுதான் முதற் பரீட்சை. வேறெதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்தே தீரவேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்தை அளந்து கொள்ளுங்கள். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை உள்ள இடத்தில்தான் சாதாரண விமானங்களின் எடை மையம் அமையவேண்டும். இறக்கையின் அகலம் 18 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 4½ முதல் 6 சென்டிமீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். கம்பெனியார் கொடுத்த அளவு இருந்தால் அதுவே பிரமாணம். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பாட்டரியையும் உள்ளே வைத்து மூடிய பிறகு, அந்தக் கோட்டில் விரல்களை வைத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு மிகச் சிறிது தாழ்ந்து நின்றால் உத்தமம். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது.

ஏன்? மூக்கு கனத்த விமானம் மந்தமாகப் பறக்கும், வேகமாக இறங்கும், ஆனால் சொன்னபடி கேட்கும். வால் கனத்த விமானமோ சிறிது அசைந்தாலும் அந்த அசைவைத் தானே பெருக்கிக்கொள்ளும். மூக்கு உயரும், உயர உயர வேகம் குறையும், இறக்கை காற்றைப் பற்றும் சக்தியை இழக்கும். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள். இந்த நிலையில் மோட்டாரின் பலத்தைக் கூட்டினால் இன்னும் விரைவாக விழும் என்பதைத் தவிர வேறு பயனில்லை.

எடையை நகர்த்திப் பார்க்கும் வழக்கம் விமான சாஸ்திரத்தின் தொடக்கத்திலேயே பிறந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஸர் ஜார்ஜ் கேலி 1804-ல் செய்த சிறு மாதிரியில், ஒரு கோலின் மேல் பட்டம் போன்ற இறக்கையையும், திருப்பக் கூடிய வாலையும் வைத்ததோடு, எடை மையத்தை மாற்றுவதற்கென்றே நகர்த்தத் தக்க ஒரு பளுவையும் அமைத்திருந்தார். ரைட் சகோதரர்களுக்கும் இந்தத் தொல்லை விடவில்லை. 1904-ல் டேட்டன் நகரத்துக்கு அருகே ஹஃப்மன் புல்வெளியில் அவர்கள் பறந்தபோது, விமானம் அலையின் மேல் செல்லும் படகைப் போல் ஏறியும் இறங்கியும் தத்தளித்தது. 70 பவுண்டு இரும்பை முன்பக்கத்தில் கட்டிக்கொண்டு பறந்தார்கள்! ஒரு ராத்தலைக் குறைப்பதற்கும் பாடுபட்டவர்கள், வேண்டுமென்றே அவ்வளவு இரும்பைச் சுமந்தார்கள் என்றால், எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும் எடை எங்கே என்பது எவ்வளவு முக்கியம் என்று ஊகித்துக் கொள்ளலாம். நம் நுரை விமானத்தின் மூக்கில் இரண்டொரு நாணயங்களை ஒட்டுவதும் அதே வைத்தியந்தான். ஆனால் முதலில் பாட்டரியை நகர்த்திப் பாருங்கள். அது போதாதபோதே நாணயம்.

தரையில் செய்யும் சோதனை

விமானத்தின் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு இறக்கைகளும் ஒரே அளவு உயர்ந்திருக்கின்றனவா? ஏதாவது ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கிறதா? பெட்டியில் நெருக்குண்ட நுரை முறுக்கேறி இருப்பது சாதாரணம். ஈ.பி.ஓ. நுரையானால் வெந்நீர் ஊற்றி மெல்ல வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் நேராகும். மூக்கில் ஏற்பட்ட நசுங்கலும் வெந்நீரில் உப்பி வரும். வெந்நீர் வேலையைப் பெரியவர்கள் செய்வது நலம். மின்சாதனங்களை முன்னதாகக் கழற்றி விடுங்கள்.

அடுத்து, விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு மின்சாரத்தை இணைக்கவும். டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, கடைசியில் நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. விமானத்தின் பின்னால் நின்று குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேல் நோக்கி மடங்க வேண்டும். வலப் பக்கம் தள்ளினால் சுக்கான் வலப் பக்கம் திரும்ப வேண்டும். இந்தத் திசை மாறியிருப்பதைக் கவனியாமல் கிளப்பிய விமானம் பத்து விநாடி கூட உயிரோடிருப்பதில்லை. குச்சிகளை விட்டவுடன் தகடுகள் நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். அவை அசையும் அளவு அதிகமாக இருந்தால், சர்வோவின் கையில் உள்துளைக்குக் கம்பியை மாற்றிக் குறைக்கலாம். ஆரம்பத்தில் ஒரு சென்டிமீட்டர் அசைவே தாராளம்.

இன்னும் விசிறி இல்லாமலே, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையானால் விமானத்தை வெளியே கொண்டு போகாதீர்கள். ரேடியோத் தொடர்பு அறுந்த பிறகும் முழு வேகத்தில் ஓடும் யந்திரம் யார் தலையில் போய் முட்டும் என்று சொல்ல முடியாது. கடைசியாக, கம்பெனியார் சொன்னபடி ரேடியோவின் தூரத்தையும் சோதித்து விடுங்கள்.

காற்றில் முதல் எறிதல்

மரத்தின் இலை அசையாத விடியற்காலையே முதற் பறப்புக்கு ஏற்றது. உயரமாகப் புல் வளர்ந்த இடம் கிடைத்தால் பாக்கியம். சிறிது காற்று வீசினால் காற்றை எதிர்த்தே எறிய வேண்டும். மேல் நோக்கி வீசுவது பெருந் தவறு. தோளுயரத்தில் பிடித்து, தூரத்தில் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து, ஈட்டியைப் போல் நேராக விடுங்கள். மோட்டார் ஓடக்கூடாது.

விமானம் சொல்வதை அப்போது கேட்க வேண்டும். நேராகச் சென்று மெல்ல இறங்கினால் எல்லாம் நலம். மூக்கை உயர்த்தித் தயங்கி விழுந்தால் வால் கனம், அல்லது எலிவேட்டர் மேல் நோக்கி இருக்கிறது. உடனே தரையைக் குத்தினால் மூக்கு கனம், அல்லது எலிவேட்டர் கீழ் நோக்கி இருக்கிறது. ஒரே பக்கம் திரும்பினால் இறக்கை முறுக்கு, அல்லது சுக்கான் கோணல். ஒரே குணம் மூன்று முறை எறிந்தும் தொடர்ந்தால்தான் அது விமானத்தின் குணம். ஒரு முறை மட்டும் நேர்ந்தால் எறிந்த கையின் குணம். ஆகவே மூன்று முறை எறியாமல் எதையும் மாற்றாதீர்கள். மாற்றும்போதும் ஒன்றை மாற்றிப் பார்த்த பிறகே மற்றொன்று. பாட்டரியையும் நகர்த்தி, எலிவேட்டரையும் திருப்பி, நாணயத்தையும் ஒட்டினால் எந்த மருந்து எந்த நோயைத் தீர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ரைட் சகோதரர்கள் இந்த விரதத்தில் உறுதியாக நின்றவர்கள். 1901-ல் அவர்களுடைய இறக்கை எதிர்பார்த்தபடி தாங்கவில்லை. உடனே பெரிய இறக்கை கட்டவில்லை. ஒரு பெட்டிக்குள் காற்றைச் செலுத்தி ஏறக்குறைய 200 சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். 1902-ல் அவர்களுடைய மோட்டாரில்லாத விமானம் திரும்பும்போது சில வேளை தாழ்ந்த பக்கமாகச் சுழன்று தரையில் முட்டியது. அசையாமல் இருந்த வால் தகடுகளை அசையும் சுக்கானாக மாற்றினார்கள்; அத்தொல்லை தீர்ந்தது. நூற்றுக்கணக்கான முறை மோட்டாரின்றிச் சறுக்கிப் பறந்து பழகிய பின்பே மோட்டாரை ஏற்றினார்கள்.

மோட்டாருடன் பறப்பு

மிதந்து இறங்குவது திருப்தியாயிருந்தால், விசிறியை மாட்டி, முக்கால் பலத்தில் மோட்டாரை ஓட்டி, அதே போல் நேராக விடுங்கள். கூடுமானால் பழகியவர் ஒருவர் கையில் டிரான்ஸ்மிட்டர் இருக்கட்டும். முதல் வேலை உயரம் பெறுவது; வட்டமடிப்பதல்ல. மூன்று பிழை செய்தாலும் தப்பிக்கும் உயரம் வேண்டும் என்பது இவ்வித்தைக்காரர்களிடையே வழங்கும் பழமொழி. 30 மீட்டர் ஏறிய பிறகு பலத்தைப் பாதியாகக் குறைத்து, டிரிம் என்னும் சிறு பொத்தான்களால் விமானம் கை தொடாமல் நேராகச் செல்லும்படி செய்யுங்கள்.

விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். பெரும்பாலான விபத்து இங்கேதான் நிகழ்கிறது. எளிய உபாயம் ஒன்று: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அதற்கு முட்டுக் கொடுப்பது போல் அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், விமானம் நிமிரும்.

இப்போது மற்றொரு பரீட்சை. மோட்டார் ஓடும்போது மூக்கு ஏறுகிறது; நிறுத்தினால் சரியாக மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலிவேட்டரைத் திருத்தினால் ஒன்று சரியாகி மற்றொன்று கெடும். கோளாறு மோட்டார் நோக்கும் திசையில் இருக்கிறது. மூக்கில் மோட்டார் உள்ள விமானமானால், மோட்டாரைத் தாங்கும் தகட்டின் மேல் ஆணிகளுக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வளையத்தை வைத்தால் மோட்டார் இரண்டு பாகை போலக் கீழ் நோக்கும். பலம் கூடும்போது இடப் பக்கம் இழுத்தால், அதே வகையில் வலப் பக்கம் சிறிது திருப்பலாம். ஈஸி ஸ்டார் போல் மோட்டார் உயரத்தில் அமைந்தவற்றில் பலத்தைத் திடீரென்று கூட்டினால் மூக்கு தாழும். அது அந்த அமைப்பின் சுபாவம். குச்சியை மெல்ல ஏற்றிப் பழகினால் போதும்.

இறங்கும்போது காற்றை எதிர்த்து வந்து, மோட்டாரை நிறுத்தி, விமானத்தை அதன் போக்கில் மிதக்க விடுங்கள். தரை நெருங்குகிறதே என்று பயந்து குச்சியை இழுத்தால் ஸ்டாலாகி விழும். முழங்கால் உயரத்தில் சிறிதே இழுத்தால் போதும்.

எது அபிவிருத்தி?

நான்கு நாள் நன்றாகப் பறந்ததும் பிள்ளைகளுக்கு ஆசை பெருகும். பெரிய பாட்டரி, வேகமான மோட்டார், காமிரா, விளக்கு! இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 500 கிராம் விமானத்தில் 100 கிராம் கூட்டினால், எடை நூற்றுக்கு 20 கூடுகிறது. அது விழாமல் பறப்பதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகம், எடையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுமாகையால், நூற்றுக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அற்பந்தானே என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தில் தரையில் மோதும் சக்தியைக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு 44 கூடி விடுகிறது! பாட்டரி பெரிதானால் பறக்கும் நேரம் கூடும் என்பது மெய். முதல் மோதலில் மூக்குப் போகும் என்பதும் மெய்.

மெய்யான அபிவிருத்திகள் கண்ணுக்குப் பகட்டாகத் தெரிவதில்லை. இறக்கை வளைந்து துவண்டால், அதன் அடியில் மெல்லிய பள்ளம் கீறி ஒரு கார்பன் நார்க் குச்சியை ஒட்டலாம். சில கிராம் எடைக்கு வெகு உறுதி கிடைக்கும். வயிற்றிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் நார் ஓடிய ஒட்டு நாடா ஒட்டினால் தேய்மானமும் கிழிசலும் குறையும். பாட்டரி தன் இடத்தை விட்டு நகராதபடி ஒட்டுப் பட்டையால் இறுக்குவது இவை எல்லாவற்றிலும் மேலானது. பறக்கும்போது பாட்டரி பின்னால் வழுகினால் எடை மையமும் கூடவே போய்விடும். பசையிலும் கவனம் வேண்டும். விரைவில் பிடிக்கும் சாதாரணப் பசை தர்மோகோலை அரித்துக் குழியாக்கிவிடும். நுரைக்கென்று விற்கும் பசையையே வாங்குங்கள்.

இறக்கையில் எய்லரான் என்னும் மடிப்புகளை வெட்டிச் சேர்ப்பதும், பழைய மோட்டாரை எடுத்துவிட்டுத் தூரிகையில்லாத மோட்டார் வைப்பதும் ஈஸி ஸ்டார்க்காரர்கள் வழக்கமாகச் செய்து வந்த மாற்றங்கள். சுக்கானைக் கொண்டு எட்டு வடிவத்தில் தடுமாற்றமின்றிப் பறக்கத் தெரிந்த பிறகு அவற்றைச் செய்யலாம். விமானத்தைத் தானே சமாளிக்கும் கைரோக் கருவியும் கிடைக்கிறது. காற்றில் அது நல்ல துணை. ஆனால் எடை மையம் தவறிய விமானத்தில் அதைப் பொருத்துவது, காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் போர்வை போர்த்துவதைப் போன்றது.

எடை மையம் சரிதானா என்பதை நுட்பமாக அறியவும் வழி உண்டு. நல்ல உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, மூக்கைச் சாய்த்து இறங்கவிட்டு, எலிவேட்டர்க் குச்சியைத் தொடாமல் இரண்டு விநாடி பாருங்கள். வெடுக்கென்று மேலெழுந்தால் மூக்கு இன்னும் கனம். மேலும் மேலும் செங்குத்தாகப் பாய்ந்தால் வால் கனம். உடனே மீட்டு இறக்கி விடுங்கள். சிறிது சிறிதாக நிமிர்ந்தால் அதுவே வேண்டிய இடம்.

எச்சரிக்கை

சுழலும் விசிறி விரலை வெட்டும். பாட்டரியை இணைத்த கணம் முதல் அதன் எதிரே யாரும் நிற்கலாகாது. லித்தியம் பாட்டரியை அதற்குரிய கருவியில், கண் பார்வையில் வைத்து, தீப்பற்றாத இடத்திலேயே மின்னேற்ற வேண்டும். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போவது ஆபத்து. உப்பிய பாட்டரியையும் அடிபட்ட பாட்டரியையும் மீண்டும் உபயோகிக்கக் கூடாது. வெயிலில் பூட்டிய காருக்குள் விமானத்தை விட்டால் நுரை கோணிப் போகும்; பாட்டரிக்கும் கேடு. மின்கம்பியில் சிக்கிய விமானம் போனது போனதே. கழி கொண்டு எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். மனிதர் தலைக்கு மேலும், சாலைக்கு மேலும், விமான நிலையத்தின் அருகிலும் பறக்கவிடுதல் தகாது. நம் நாட்டில் 2021-ஆம் வருஷத்து டிரோன் விதிகள் மாதிரி விமானங்களைப் பற்றியும் பேசுகின்றன. பறக்கத் தகுந்த இடங்களைக் காட்டும் படத்தையும் அரசாங்கத்தார் வெளியிட்டிருக்கிறார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் பெற்றோர்கள் அதைப் பார்த்துக்கொள்வது கடமை.

விமானத்தோடு கூட ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். தேதி, காற்றின் நிலை, பாட்டரி இருந்த இடம், செய்த ஒரே மாற்றம், அதன் பலன் என்று ஐந்து பத்தி போதும். 1904-ல் இரும்பைக் கட்டிக்கொண்டு தத்தளித்த சகோதரர்கள், கண்டதை எழுதி, ஒவ்வொன்றாய்த் திருத்தி, 1905 அக்டோபர் 5-ந் தேதி 24 மைல் தூரம், முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு மேல், புல்வெளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார்கள். நம் வீட்டுப் பையனோ பெண்ணோ அவ்வளவு தூரம் போகாமலிருக்கலாம். விழுந்த பொருளைப் பார்த்து "எனக்கு வராது" என்று சொல்வதற்குப் பதிலாக, "எதனால் விழுந்தது?" என்று கேட்டு, விடையைத் தன் கையாலேயே தேடத் தெரிந்துகொண்டால், கொடுத்த விலை வீண் போகவில்லை. பரணில் கிடக்கும் விமானம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். இறக்கையின் கீழ் இரண்டு விரல்களை வைத்துப் பார்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.